ஏன் நூறால் பெருக்க வேண்டும்?

பனியன்காரர் (திருப்பூர்)

போன வாரம் எங்கள் கம்பெனிக்குக் குவாலிட்டி வேலை கேட்டு ஒரு தம்பி வந்தான். பி.எஸ்சி. கணிதம். பத்தாம் வகுப்பில் கணக்கில் சென்டம் வாங்கிய மதிப்பெண் பட்டியலைக் கோப்பின் மேலாகவே வைத்திருந்தான். நான் அதைப் புரட்டாமல் ஜிஎஸ்எம் கட்டரைக் கையில் கொடுத்தேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். துணியின் கனத்தை நாங்கள் ஜிஎஸ்எம் என்றுதான் பேசுவோம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது கணக்கு. அதற்காக யாரும் ஒரு சதுர மீட்டரை வெட்டுவதில்லை. வட்டக் கட்டரைத் துணிமேல் அழுத்தித் திருகினால் உள்ளங்கை அளவுக்கு ஒரு வில்லை வரும். அதைத் தராசில் போட்டு, வந்த எடையை நூறால் பெருக்க வேண்டும். 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். இந்த ஊரில் செக்கிங் மேசையில் நிற்கும் எல்லாருக்கும் இது தூக்கத்திலும் வரும்.

தம்பியும் சரியாகவே செய்தான். "ஏன் நூறால் பெருக்குகிறாய்?" என்று கேட்டேன். "அதுதான் சார் ஃபார்முலா" என்றான். வட்டத்தின் பரப்பு என்ன என்றேன். மூச்சு விடாமல் "பை ஆர் ஸ்கொயர்" என்றான். ஒரு சதுர மீட்டரில் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்றேன். "நூறு" என்றான், என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஆயிரம்" என்றான். பத்தாயிரத்துக்கு வந்துசேர ஐந்து நிமிடம் ஆனது. கட்டரின் விட்டத்தை 11.28 சென்டிமீட்டராக வைத்திருப்பதே வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரட்டும் என்பதற்காகத்தான் என்று சொன்னபோது, கட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடித்துப்போனது. வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

என் பிரச்சினை அவன் இல்லை. அன்று இரவு, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். தலை நிமிராமல், "அப்பா, இது போர்ஷனில் இல்லை" என்றாள். வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருகிறவள். நாம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோமா, ஒப்பிக்க வைக்கிறோமா? உங்கள் வீட்டில் எப்படி?

கணபதி லேத் (கோவை)

அண்ணா, எங்கள் பட்டறைக்கு வந்தால் இதைச் சுவரிலேயே காட்டுவேன். மரை வெட்டும் டேப்பை இறக்குவதற்கு முன் என்ன அளவில் துளை போட வேண்டும் என்ற அட்டவணை ஒட்டியிருக்கிறது. எம்6-க்கு, அதாவது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரைக்கு, 5 மில்லிமீட்டர், எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்கள் பத்தே நாளில் சுவரைப் பார்க்காமல் சொல்வார்கள்.

ஒருமுறை எம்10-இல் ஃபைன் த்ரெட் ஆர்டர் வந்தது. பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, வழக்கமான 1.5 இல்லை, 1.25. பையன் பழக்கப்படி 8.5-இல் துளை போட்டுவிட்டான். டேப் இறுகி மூன்று உடைந்தது. உடைந்த துண்டு துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் அந்த ஜாப்பைப் பழைய இரும்பில்தான் போட வேண்டும். விட்டத்திலிருந்து பிட்சைக் கழித்தால் போதும்: பத்தில் 1.25 போனால் 8.75, அதற்குப் பக்கத்தில் கிடைக்கும் ட்ரில் 8.8. சுவரில் இருக்கும் அட்டவணை முழுவதும் இந்த ஒரே கழித்தல்தான். அவனுக்கு நாற்பது எண்கள் மனப்பாடமாகத் தெரியும், கழித்தல் தெரியாது.

அவனை நன்றாகத் திட்டினேன். பிறகு யோசித்தால், நானும் அவனுக்கு அட்டவணையைத்தான் கைகாட்டினேன்; கழித்தலைச் சொல்லவேயில்லை. வேலை அவசரம்.

கோபி வாய்க்கால் (கோபிசெட்டிபாளையம்)

அண்ணன்மார் இருவரும் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையின் எதிரில் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு "எங்கே, ஒப்பி பார்க்கலாம்" என்று உட்காருவது யார்? எங்கள் வீட்டில் நான்தான். 'ஏன் நூறு' என்று கேட்டுவிட்டு நீங்கள் காலையில் கம்பெனிக்குப் போய்விடுவீர்கள். ஸ்லிப் டெஸ்டில் மதிப்பெண் குறைந்தால் டைரியில் கையெழுத்துப் போட்டு, பள்ளிக்குப் போய் நின்று பதில் சொல்வது நாங்கள்.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அரை மதிப்பெண்ணில் நல்ல கல்லூரி கைநழுவிப் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. என் மூத்தவன் வேதியியலில் ஒரு விடையைத் தன் சொந்த நடையில் எழுதினான். சரியான விடைதான்; படித்துப் பார்த்த எனக்கே புரிந்தது. 'முக்கியச் சொற்கள் இல்லை' என்று இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அன்றைக்கு நானே அவனிடம் சொன்னேன்: "சாமி, புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே எழுதிவிடு. உன் புத்தியைக் கல்லூரிக்குப் போய்க் காட்டிக்கொள்."

சொன்னதற்கு வெட்கப்படவில்லை. வருத்தம் உண்டு.

மலைவாத்தியார் (தாளவாடி)

நான் மலைமேல் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம். சோளகர் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களின் பேச்சு இன்னும் வேறு. 'வரையறு', 'நிறுவுக' போன்ற சொற்களே அவர்களுக்கு வேற்றுமொழி. எனவே 'மனப்பாடம் தீமை' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் கோபம்தான் வரும்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் கடைசியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. தலா 8, ஆக 16 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35. அந்தப் பதினாறைக் கைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினான்கில் பத்தைத் தேற்றினால் மீதி ஒன்பதுதான் வேண்டும். மெல்லக் கற்கும் பிள்ளைகளை நாங்கள் கரையேற்றுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணைத் தொடுகோடு வரையும் கணக்கை நாற்பது தடவையாவது போட வைத்திருப்பேன். 3 செ.மீ. ஆரம், மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவில் ஒரு புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். 38 எடுத்துத் தேறினாள். தேறாமல் இருந்தால் அந்தக் கோடையிலேயே நூல் மில் வேனில் ஏறியிருப்பாள். அடிவாரத்து ஊர்களுக்கு அந்த வேன் வருவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இன்று செவிலியராக இருக்கிறாள். அவளுக்கு அந்த நாற்பது தடவைகள் செய்த உதவியை என்னுடைய எந்த விளக்கமும் செய்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் ஆரத்தை 3-க்குப் பதில் 4 ஆக்கிக் கொடுத்தேன். "சார், இது நாம் போட்ட கணக்கு இல்லை" என்றாள். சரி, தொடுகோடு வட்டத்தை எங்கே தொடுகிறது, காட்டு என்றேன். விரலை வட்டத்தின் மையத்தில் வைத்தாள்.

இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

விடுதிக்காரன் (பெங்களூரில், ஊர் காங்கேயம்)

சார், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

நான் 2010-லிருந்து 2012 வரை நாமக்கல் பக்கம் விடுதியில் இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பெட்டியோடு பிள்ளைகள் வந்து இறங்கிய காலம் அது. அப்பா தோட்டத்துத் தென்னையை மூன்று ஆண்டுக்குக் குத்தகைக்கு விட்டுக் கட்டணம் கட்டினார். காலை நாலரைக்கு மணி அடிக்கும். தினமும் தேர்வு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடிவு. குறைந்தவர்கள் சாப்பிட்டபின் அதே விடையைப் பத்து முறை எழுத வேண்டும். வேதியியல் புத்தகத்தில் எந்தப் பத்தி எந்தப் பக்கத்தில், இடமா வலமா என்பதுகூட இன்றும் நினைவில் இருக்கிறது. பொருள்தான் இல்லை. 1200-க்கு 1160-ஐத் தாண்டினேன். ஊரில் தட்டி வைத்தார்கள்.

ஆனால் எங்களுக்கு நடந்ததை 'மனப்பாடமா புரிதலா' என்ற தராசில் போட்டால் எடை தப்பாக வரும். பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதமே பிளஸ் டூ புத்தகத்தைத் தொடங்கிவிட்டார்கள். பிளஸ் ஒன் புத்தகம் புது வாசனை மாறாமல் என் டிரங்குப் பெட்டியின் அடியில் இரண்டு வருடம் கிடந்தது. பொறியியல் முதல் பருவத்தில் விசையைக் கூறுகளாகப் பிரிக்க வேண்டி வந்தபோது, "இது பிளஸ் ஒன்னில் படித்ததுதானே" என்று பேராசிரியர் தாண்டிப்போனார். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் மேசையைப் பார்த்தோம். அந்தப் பருவத்தில் எனக்கு இரண்டு அரியர். புரியாமல் படித்ததால் வந்தவை இல்லை அவை. படிக்கவே விடாததால் வந்தவை.

இந்த வழக்கத்தை உடைக்கத்தான் 2018 மார்ச்சிலிருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையில் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரம் குறையும் என்கிறார்கள், குறையட்டும். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தவுடன் டிரங்குப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

நன்றி கெட்டவன் என்று எண்ண வேண்டாம். ஒரே இடத்தில் நாலு மணி நேரம் அசையாமல் உட்காரும் பழக்கம் அங்கே வந்ததுதான். அதை வைத்துத்தான் பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன்.

ஈரோட்டான்

கணித மேதை ராமானுஜன் 1887-இல் பிறந்தது எங்கள் ஈரோட்டில். அவர் எந்த ஸ்லிப் டெஸ்ட் எழுதினார்?

விடுதிக்காரன்

பிறந்தது ஈரோடு, படித்தது கும்பகோணம். அவர் இளவயதில் கையில் வைத்திருந்தது கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த புத்தகம். ஏறத்தாழ 5000 சூத்திரங்கள், பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது. வெறும் பட்டியல். எங்கள் விடுதிக்காரர்கள் பார்த்திருந்தால் அச்சடித்து விற்றிருப்பார்கள். அவர் அதை ஒப்பிக்காமல் ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்தார். அப்புறம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்றார். இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்ல அவரை இழுக்கலாம் என்பதால் இரண்டு கட்சிக்கும் பயன்பட மாட்டார். அவரை விட்டுவிடுவோம், ஐயா.

நெறியாளர்

நீட் பற்றிய ஏழு பதிவுகளை அதற்கான தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். 'பழைய ஜிஎஸ்எம் கட்டர் விற்பனைக்கு, விலை பேசலாம்' என்ற பதிவு சந்தைப் பகுதிக்குப் போயிருக்கிறது.

ஜமுக்காளத் தாத்தா (பவானி)

பேரன் இந்த இழையைப் படித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டுகிறான்.

எனக்கு வயது 71. என் அப்பாரு தறிக்குழியில் உட்கார்ந்தபடியே எண்சுவடி சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும். அப்பாருவிடம் ஒன்றுக்குக் கீழே உள்ள பின்னங்கள். கால், அரைக்கால், வீசம். ஒன்றை இருபதாக்கினால் மா, எண்பதாக்கினால் காணி, முந்நூற்றிருபதாக்கினால் முந்திரி. எல்லாம் ராகத்தோடு. தப்பினால் தலையில் ஒரு குட்டு. "முக்காலின் முக்கால் அரையே வீசம்" என்று பத்து வயதில் பாடுவேன். ஆட்டுக்குட்டிக்கு அது எவ்வளவு புரியுமோ அவ்வளவுதான் எனக்கும் புரிந்தது.

இருபது வயதில் ஒரு வியாபாரி சின்ன விரிப்பு கேட்டார். முக்கால் கஜத்துக்கு முக்கால் கஜம். சதுர கஜத்துக்கு இவ்வளவு கூலி என்று முன்பே பேச்சு. நான் கூலியில் முக்கால் பங்கு கேட்டேன். வியாபாரி சிரித்தார். சண்டைக்கு நின்றேன். அப்பாரு உள்ளேயிருந்து எழுந்து வந்து, ஒரு துண்டை எடுத்து நீளத்தில் நாலாக, அகலத்தில் நாலாக மடித்துப் பிரித்தார். பதினாறு கட்டம். முக்காலுக்கு முக்கால் எண்ணு என்றார். ஒன்பது கட்டம். எட்டு என்றால் அரை. மேலே ஒன்று வீசம். "பத்து வருசமாக இதைத்தானடா பாடினாய்" என்றார். பாட்டு ஏற்கெனவே உள்ளே கிடந்ததால்தான் துண்டைப் பார்த்தவுடன் பிடிபட்டது. இல்லையென்றால் அந்தத் துண்டு எனக்கு வெறும் துண்டு.

அதனால் அந்தத் திருப்பூர்த் தம்பிக்குச் சொல்கிறேன். உங்கள் மகள் 'பை ஆர் ஸ்கொயர்' பாடுகிறாள் அல்லவா, பாடட்டும். துண்டை மடித்துக் காட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கணபதி லேத்

வணக்கம் ஐயா. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களோடு சேர்ந்து பாடிய மற்றப் பிள்ளைகளுக்கும் பிடிபட்டதா?

ஜமுக்காளத் தாத்தா

தெருவில் நாங்கள் எட்டுப் பேர். என்னையும் சேர்த்து மூன்று பேர் தேறினோம். மற்ற ஐந்து பேர் வாய்ப்பாடு என்றால் இன்றைக்கும் தலையைத் தடவிக்கொள்வார்கள்.

பெருந்துறை பி.எட்.

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு. இதற்கெல்லாம் எங்கள் பாடத்தில் பெயர்கள் இருக்கின்றன. ரிச்சர்ட் ஸ்கெம்ப் 1976-இல் எழுதியதில் புரிதலையே இரண்டாகப் பிரித்தார். விதியைப் பயன்படுத்தத் தெரிவது ஒன்று. அந்த விதி ஏன் செல்லும் என்பதும் சேர்ந்து தெரிவது இன்னொன்று. பட்டறைப் பையனின் அட்டவணை முதல்வகை. சுவாரசியமானது என்னவென்றால், முதல்வகைக்கு ஏன் கவர்ச்சி இருக்கிறது என்பதையும் அவர் நேர்மையாக எழுதியிருக்கிறார்: சீக்கிரம் வரும், உடனே சரியான விடை கிடைக்கும், பிள்ளைக்கும் தைரியம் வரும்.

இப்போது சிரிக்காமல் கேளுங்கள். புளூம் என்பவர் 1956-இல் கற்றலை ஆறு படிகளாக வகுத்தார். அடிப்படி வெறும் நினைவு. அதற்கு மேலே புரிதல், பயன்பாடு, பகுப்பு என்று ஏறும். மனப்பாடம் அடிப்படி என்று சொல்லும் அந்த ஆறு படிகளையும் நாங்கள் மனப்பாடம் செய்துதான் தேர்வில் எழுதினோம். ஒரு படி மாறினால் ஒரு மதிப்பெண் போகும்.

மலைவாத்தியார்

தங்கை, நானும் அப்படித்தான் தேறினேன்.

தாத்தாவின் மூன்று பேர், ஐந்து பேர் கணக்கு என்னை இரண்டு நாளாக விடவில்லை. எனக்கு எதிர்ப்பக்கத்து அனுபவமும் உண்டு. செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது நான் கீழ்வகுப்புகளில் இருந்தேன். அட்டைகள், ஏணிப்படிகள், தரையில் வட்டமாகப் பிள்ளைகள், சுவரில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை. அதற்கு முன் என்னைக் கண்டால் வாய் திறக்காத பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேள்வி கேட்டார்கள். இப்போதும் அந்த நாட்களை நினைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த உற்சாகத்தில் என் வகுப்பில் வாய்ப்பாடு சொல்ல வைப்பதை நிறுத்திவிட்டேன். பழைய காலத்துச் சங்கதி என்று நினைத்தேன். அது அட்டைகளின் குற்றமில்லை, என் குற்றம்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் உயர்நிலைப் பள்ளியில் என்னிடமே வந்து சேர்ந்தார்கள். எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் 15 எக்ஸ் கூட்டல் 56 என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். பெருக்கினால் 56, கூட்டினால் 15 வரும் இரண்டு எண்கள் வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது. ஏன் என்பதைக்கூட ஒரு பையன் செவ்வகம் வரைந்து சொன்னான். ஆனால் ஏழெட்டு ஐம்பத்தாறு நாக்கில் இல்லை. 56-ஐ இரண்டால் வகுத்து, நாலால் வகுத்து, விரல் விட்டு எண்ணி வருவதற்குள் எதற்காக எண்ணுகிறோம் என்பதே மறந்துபோனது. புரிந்தவன் தோற்று நிற்பதைப் பார்ப்பது, புரியாதவன் தேறுவதைப் பார்ப்பதைவிடக் கொடுமையாக இருந்தது.

கேள்வித்தாளை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 2018, 2019-இல் புத்தகங்கள் மாறின. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லும் புளூபிரிண்டும் போனது. பாடத்தின் உள்ளிருந்து கேள்விகள் வரும் என்றார்கள், வந்தன. அடுத்த ஆண்டே அந்த உள்கேள்விகளை மட்டும் தொகுத்து விடையோடு வழிகாட்டிகள் கடைக்கு வந்துவிட்டன. எங்கள் மலைக்கே ஜெராக்ஸ் வந்தது. பிள்ளைகள் அதையும் மனப்பாடம் செய்தார்கள்.

கோபி வாய்க்கால்

அப்படியென்றால் என்னதான் செய்வது, சார்? நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள். கொள்கை வேண்டாம்.

மலைவாத்தியார்

பெரிதாக ஒன்றும் இல்லை, அம்மா. வாய்ப்பாடு தினமும் பத்து நிமிடம், சத்தமாக, நின்றுகொண்டு. இதில் நான் இப்போது விட்டுக்கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் அந்த வாரம் போட்ட ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளையும் அதில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: ஓர் எண்ணையோ, ஒரு சொல்லையோ. மாற்றியபின் விடை கூடுமா குறையுமா என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் போட வேண்டும். கூடும் என்று சொல்லிக் குறைந்துவிட்டால் வகுப்பே சிரிக்கும், ஏன் என்று சண்டை வரும். அந்தச் சண்டைக்குத்தான் இவ்வளவும். சில வெள்ளிக்கிழமைகளில் சண்டை வருவதே இல்லை. போர்ஷன் முடியவில்லை என்று டிசம்பரில் நானே வெள்ளிக்கிழமையைத் தின்றுவிடுவதும் உண்டு.

தேறவே மாட்டார்கள் என்று தெரிந்த நாலைந்து பிள்ளைகளுக்கு இன்றும் 3 செ.மீ., 8 செ.மீ.தான். அவர்களையும் ஒருமுறையாவது தொடுபுள்ளியில் விரல் வைக்கச் சொல்கிறேன்.

கணபதி லேத்

கோவைக்காரன் என்பதால் ஜி.டி. நாயுடுவைச் சொல்லாமல் போனால் பாவம். 1893-இல் கலங்கலில் பிறந்தவர், பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தவர், அதே படிப்பை இத்தனை ஆண்டுகள் இழுக்கத் தேவையில்லை, பாதிக் காலத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்று மல்லுக்கட்டினார். ஊரில் பள்ளியை வெறுக்கும் பையன்கள் எல்லாம் அவரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அவர் ஒவ்வொரு இயந்திரத்தையும் கழற்றிப் பார்த்தவர். இவர்கள் கைப்பேசியைக்கூடக் கழற்றுவதில்லை.

நான் சுவரில் இருந்த அட்டவணையை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை, வேலை நின்றுவிடும். அதன் தலையில் மார்க்கரால் 'விட்டம் கழித்தல் பிட்ச்' என்று எழுதியிருக்கிறேன். புதிதாக வந்த பையன் நேற்று, "அண்ணா, எம்8-க்கு 6.75தானே வருகிறது, ஏன் 6.8 போட்டிருக்கிறது?" என்று கேட்டான். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பனியன்காரர்

ஒரு மாதம் கழித்து வருகிறேன். இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

தாத்தா சொன்னபடி துண்டை மடித்துக் காட்டப் போய் வேறு வம்பில் மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மகளைக் கம்பெனிக்கு அழைத்துப் போனேன். கட்டரைக் கையில் கொடுத்து, இது உண்மையிலேயே 100 சதுர சென்டிமீட்டர்தானா, நீயே பார் என்றேன். துணி வில்லையை அளக்கப் போனவள் நிறுத்திவிட்டு, "துணி இழுபடும் அப்பா, அட்டையில் வெட்டலாம்" என்றாள். அட்டையில் வெட்டி, குறுக்கே நாலு பக்கமும் அளந்தாள். 11.4. மறுபடி வெட்டினாள். 11.4. காகிதத்தில் கணக்குப் போட்டு, "நூறு இல்லை, 102" என்றாள்.

நான் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். கட்டர் பெரிதாக இருந்தால் வில்லை கனமாக இருக்கும். நாங்கள் 180 என்று எழுதிய துணி உண்மையில் 176 சொச்சம்தான். ஒன்றரை வருடமாக, சரக்கு வாங்கும் பையரின் லேபில் எங்கள் துணி மூன்று, நாலு ஜிஎஸ்எம் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. துணி பின்னித் தரும் நிட்டிங்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டிருக்கிறேன். சாயப்பட்டறைக்காரரோடு பேச்சே நின்றுபோனது. அந்த நாளில் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் வாங்கிய கட்டர் அது. நானும் ஒன்றரை வருடமாக நூறால்தான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

கோபி அக்கா கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இந்த மாதத் தேர்வில் அவளுக்குக் கணக்கில் 71. போன முறை 94. ஒவ்வொரு கணக்கிலும் 'ஏன்' என்று நின்றதில் கடைசி மூன்று கேள்விகளுக்கு நேரம் போதவில்லை என்கிறாள். அவள் அம்மா என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. வாத்தியார் சொன்ன பத்து நிமிடத்தை நேற்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். வாய்ப்பாடு இல்லை, வேகமாகப் போடுவதற்கு.

புதுக் கட்டர் வந்துவிட்டது. அதையும் அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைத்தாள்.

நிட்டிங்காரருக்கு இன்று போன் செய்ய வேண்டும். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.